சாகாத பவளமும் கரையும் திட்டும்

பவளப்பாறைகளைப் பற்றி எழுதுகிறவர்கள், படமெடுக்கிறவர்கள், மேடையில் பேசுகிறவர்கள் எல்லாரிடமும் இப்போது ஒரு கருத்து கெட்டிப்பட்டுவிட்டது. கடல் சூடாவதுதான் பவளத்துக்கு எமன். கரியமில வாயு கரைந்து கடல்நீர் அமிலத்தன்மை அடைவது மெதுவாக நடக்கிற சங்கதி. ஆய்வுக்கூடத் தொட்டிகளில் அதைக் கொஞ்சம் மிகையாகவே காட்டிவிட்டார்கள். பவளம் எப்படியும் அதற்குப் பழகிக்கொள்ளும். முதலில் சூட்டைச் சமாளிப்போம், அமிலத்தைப் பிறகு பார்க்கலாம். எண்ணெய்க் கம்பெனிக்காரர் பரப்பும் புரளி என்று இதைத் தள்ளிவிட முடியாது. கடல்மீது உண்மையான அக்கறை உள்ளவர்களும் இப்படித்தான் சொல்கிறார்கள். அதனால்தான் இதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

அவர்கள் பக்கத்து நியாயத்தை முதலில் ஒப்புக்கொள்கிறேன். கோடையின் உச்ச வெப்பத்தைவிட ஒரு டிகிரி கூடுதலாகச் சில வாரம் நீடித்தால் போதும், பவள உயிரி தன் திசுவுக்குள் குடியிருக்கும் நுண்பாசியை வெளியே தள்ளிவிடுகிறது. நிறமும் போகிறது, சோறும் போகிறது. 1998இல் உலகம் அதை முதன்முதலாகப் பெரிய அளவில் பார்த்தது. 2024 ஏப்ரலில் அமெரிக்காவின் நோவா அமைப்பு, உலகளாவிய வெளிறல் நான்காம் முறையாக நடந்துகொண்டிருப்பதாக அறிவித்தது. சில மாதங்களில் ஒரு திட்டு முழுக்கச் சுடுகாடாகிவிடும் என்பதை யாரும் மறுக்க முடியாது. அமிலமாதல் இப்படி எதையும் கண்ணெதிரே கொன்று காட்டுவதில்லை. அதைப் படம் பிடிக்கவும் முடியாது. நம் காலத்தில் படம் பிடிக்க முடியாத கேடு இரண்டாம் பட்சமாகிவிடுவதில் வியப்பில்லை.

இந்தக் கருத்துக்கு ஒரு மலிவான வடிவமும் உண்டு. அதை இரண்டே வரியில் முடித்துவிடலாம். கடல்நீரின் பிஎச் அளவு இன்னும் 8.1ஐ ஒட்டித்தானே இருக்கிறது, 7க்கு மேலிருப்பது காரம்தானே, இதில் அமிலம் எங்கே வந்தது என்று கேட்பார்கள். பவளத்தின் கவலை கடல் புளிக்கிறதா என்பதில் இல்லை, கார்பனேட் கிடைக்கிறதா என்பதில் இருக்கிறது. மனிதன் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழக் கால் பங்கைக் கடல் ஆண்டுதோறும் உறிஞ்சிக்கொள்கிறது. அது நீரோடு கூடிக் கார்பானிக் அமிலமாகி, ஹைட்ரஜன் அயனிகளை அவிழ்த்துவிடுகிறது. அந்த அயனிகள் நீரில் இருக்கும் கார்பனேட்டைப் பிடித்துப் பைகார்பனேட்டாக மாற்றிவிடுகின்றன. தொழிற்புரட்சிக்குப் பின் பிஎச் இறங்கியது 0.1 அளவுதான். ஆனால் அது மடக்கை அளவுகோல், 0.1 இறக்கம் என்றால் ஹைட்ரஜன் அயனிகள் கால் பங்குக்கும் மேல் கூடிவிட்டன என்று பொருள். சுண்ணாம்பு கட்டும் உயிர்களுக்கு வேண்டிய சரக்கு அதனால் அருகிவருகிறது.

இனி கனமான வாதங்களுக்கு வருகிறேன். அவற்றில் மிகக் கனமானது, பவளம் பிழைத்துக்கொள்கிறது என்பது. இதற்கு நல்ல சான்றும் இருக்கிறது. 2007இல் இஸ்ரேலிய ஆய்வாளர்கள் மாவோஸ் ஃபைன், டான் செர்னோவ் இருவரும் ‘சயன்ஸ்’ இதழில் ஒரு விந்தையை வெளியிட்டார்கள். மத்தியதரைக் கடலில் வளரும் இரண்டு வகைக் கடினப் பவளங்களை, இன்றைய கடலைவிட அமிலத்தன்மை மிகுந்த நீரில் ஓராண்டு காலம் வைத்திருந்தார்கள். அவற்றின் சுண்ணாம்புக் கூடு கரைந்து போயிற்று. உயிரி மட்டும் சாகவில்லை. கூட்டமாக ஒட்டிக் கிடந்தவை தனித்தனியாகப் பிரிந்து, கடல் சாமந்தி போல மென்மையான வெற்றுடம்போடு பாறையைப் பற்றிக்கொண்டு நின்றன. உடம்பு முன்னைவிடப் பருத்தது. இனப்பெருக்க அணுக்களும் வழக்கம்போல உருவாயின. சாதாரணக் கடல்நீருக்குத் திருப்பியதும் மறுபடியும் கூடு கட்டத் தொடங்கிவிட்டன.

எதிர்த்தரப்பார் இதை வெற்றிக்கொடி போலத் தூக்கிக் காட்டுகிறார்கள். நான் இதை அவர்களுக்கு எதிரான சாட்சியாகவே படிக்கிறேன். அந்தத் தொட்டியில் ஓராண்டு முடிவில் இருந்தவை என்னென்ன? உயிருள்ள சில பாலிப்புகள், அதாவது தனித்தனிப் பவள உயிரிகள். இல்லாமல் போனது எது? கூடு. அதாவது, கிளை, குகை, இடுக்கு, சுவர், அலைத்தடுப்பு அத்தனையும். பவள உயிரி பிழைப்பதும் பவளத்திட்டு பிழைப்பதும் ஒன்றே என்று எண்ணுவதில்தான் இந்தக் கருத்தின் அடிப்படைத் தவறு இருக்கிறது. உயிரி என்பது சில மில்லிமீட்டர் அளவுள்ள விலங்கு. திட்டு என்பது அந்த விலங்கும் அதன் முன்னோரும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கட்டிவைத்த சுண்ணாம்பு. அதன் உச்சியில் மெல்லிய தோல் போல ஓர் அடுக்குத்தான் உயிரோடு இருக்கிறது. சூடு அந்தத் தோலைக் கொல்கிறது. அமிலமாதல் கீழிருக்கும் முழு உடம்பையும் தொடுகிறது.

திட்டுக்கு வரவும் உண்டு, செலவும் உண்டு. பவளமும் சுண்ணாம்புப் பாசியும் கட்டுவது வரவு. கிளிமீன் சுரண்டுவது, கடற்பஞ்சும் புழுவும் துளைப்பது, அலை உடைப்பது, நீர் கரைப்பது எல்லாம் செலவு. நல்ல காலத்திலேயே இரண்டுக்கும் இடையில் மிச்சம் பிடிப்பது சொற்பம்தான். அந்தச் சொற்ப மிச்சத்தில்தான் மாலத்தீவும் லட்சத்தீவும் நிற்கின்றன. ஆகவே, பவளம் செத்ததா, இருக்கிறதா என்று மட்டும் கேட்பவர் கணக்குப் புத்தகத்தின் ஒரு பக்கத்தைத்தான் புரட்டுகிறார்.

வரவு எப்படிக் குறைகிறது என்று கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். பவளத்தின் திசுவுக்கும் பழைய கூட்டுக்கும் நடுவே மிக மெல்லிய திரவப் படலம் ஒன்று இருக்கிறது. அராகனைட் என்ற சுண்ணாம்புப் படிகம் உருவாவது அங்கேதான். படிகம் வேகமாக வளர வேண்டுமானால் அந்தத் திரவத்தின் பிஎச் வெளிக்கடலைவிட உயர்ந்திருக்க வேண்டும். ஆகவே பவளம் அதிலிருந்து ஹைட்ரஜன் அயனிகளை ஓயாமல் வெளியே இறைத்துக்கொண்டே இருக்கிறது. இறைப்பது இலவசமல்ல, தின்ற சோற்றிலிருந்து சக்தி செலவாகிறது. வெளியே ஹைட்ரஜன் அயனி பெருகினால் இறைப்பது கடினமாகும். நுண்பாசியை இழந்து பட்டினி கிடக்கும் வெளிறிய பவளத்துக்கு இது இன்னும் கடினம். சூடு வேறு, அமிலம் வேறு என்று இரண்டு தனி வரிசையில் நிற்கவைப்பவர்கள் இந்த இடத்தைக் கவனிப்பதில்லை. சூட்டில் அடிபட்ட திட்டு மீண்டெழ வேண்டுமானால் கட்டும் வேகம் வேண்டும். அமிலமாதல் பறிப்பது அந்த வேகத்தைத்தான்.

இன்னொரு சாட்சி, அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடலாய்வு நிறுவனத்திலிருந்து. 2018இல் நத்தானியல் மொல்லிக்காவும் உடன் ஆய்வு செய்தவர்களும், போரைட்டஸ் என்ற உருண்டைப் பாறைப் பவளத்தை ஊடுகதிர்ப் படம் எடுத்து ஆராய்ந்தார்கள். மரத்துக்கு வளையம் போல இந்தப் பவளத்துக்கு ஆண்டு வரிகள் உண்டு. பவளம் முதலில் மேல்நோக்கி நீள்கிறது. பிறகு நீண்ட கம்பிகளைப் பருமனாக்குகிறது. கார்பனேட் குறைந்த நீரில் நீள்வது அவ்வளவாகக் குறையவில்லை. பருமனாவதுதான் குறைந்தது. 2020இல் வெய்ஃபு குவோ தலைமையில் வந்த தொடர் ஆய்வு, வெப்பம் முதலான மற்றக் காரணங்களிலிருந்து அமிலமாதலின் பங்கை மட்டும் பிரித்தெடுத்துப் பார்த்தது. ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபில் 1950க்குப் பிறகு போரைட்டஸ் கூட்டின் அடர்த்தியில் ஏறத்தாழ 13 சதவீதம் அமிலமாதலால் மட்டும் குறைந்திருக்கிறது என்றது முடிவு. வயதான பெண்களுக்கு வரும் எலும்பு மெலிவு போன்றது இது. ஆள் அதே உயரம், அதே முகம். வழுக்கி விழுந்த அன்றுதான் இடுப்பெலும்பு சொல்லும். முக்குளித்துப் போய்ப் பார்ப்பவர் கண்ணுக்குப் பவளம் நன்றாகவே வளர்ந்திருக்கும். புயலலை வரும்போதுதான் அதன் நலிவு தெரியும். ‘அமிலத்தால் என்ன ஆகிவிட்டது, காட்டுங்கள்’ என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் காட்ட வேண்டும். நடந்துகொண்டிருக்கிறது, எழுபது ஆண்டாக.

அடுத்த வாதம்: தொட்டியில் நடப்பது கடலில் நடக்காது. இதில் உண்மை இல்லாமல் இல்லை. தொட்டியில் பவளத்தைத் திடீரென்று மாற்று நீரில் போடுகிறோம். கடலில் மாற்றம் படிப்படியாக வருகிறது. சரி, கடலுக்கே போவோம்.

பப்புவா நியூ கினியின் மில்னே வளைகுடாவில் சில இடங்களில் எரிமலைச் சரிவிலிருந்து கரியமில வாயு கடலடி மணலைத் துளைத்துக் குமிழ் குமிழாக மேலே வருகிறது. ஏறக்குறையச் சுத்தமான கரியமில வாயு, நீரைச் சூடாக்குவதில்லை. அதாவது, சூட்டைக் கழித்துவிட்டு அமிலத்தை மட்டும் பார்க்க இயற்கையே அமைத்துக்கொடுத்த இடம். பல தலைமுறையாகப் பவளங்கள் அந்தக் குமிழ்களுக்கிடையில் வாழ்கின்றன. ஆஸ்திரேலியக் கடலறிவியல் நிறுவனத்தின் காத்தரினா ஃபாப்ரிசியஸ் குழுவினர் 2011இல் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். குமிழிடும் பகுதியிலும் பக்கத்துச் சாதாரணப் பகுதியிலும் தரையைப் பவளம் மூடியிருக்கும் விகிதம் கிட்டத்தட்ட ஒன்றேதான், மூன்றில் ஒரு பங்கை ஒட்டி. எதிர்த்தரப்பார் இந்த ஒரு வரியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அடுத்த வரியைப் படிப்பதில்லை.

அந்த மூன்றில் ஒரு பங்கு எதனால் ஆனது? சாதாரண நீரில் கிளை விட்டது, தட்டுத் தட்டாக விரிந்தது, மடல் மடலாக எழுந்தது என்று பல வடிவப் பவளங்கள். பிஎச் 7.8க்கு இறங்கிய நீரில் பெரும்பாலும் உருண்டைப் போரைட்டஸ். வகைகள் குறைந்துபோயின. இளம் பவளங்கள் அரிதாயின. பாறைக்கு மேல் இளஞ்சிவப்பு மேலாடை போலப் படர்ந்து, உடைசல்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் சுண்ணாம்புப் பாசி பெருமளவு மறைந்தது. பவளத்தின் குஞ்சுகள் குடியேற இடம் தேடுவதே பெரும்பாலும் இந்தப் பாசியின்மேல்தான். பிஎச் 7.7க்குக் கீழே திட்டு என்று சொல்லும்படி எதுவும் உருவாகவில்லை. இதில் 7.8 என்பது கற்பனை எண் அல்ல; இப்போதைய போக்கில் கரியமில வாயுவைக் கொட்டிக்கொண்டே போனால் இந்த நூற்றாண்டின் முடிவில் கடல் சென்றடையக்கூடிய அளவு அது.

கிளைப் பவளம் போனால் போகட்டும், உருண்டைப் பவளம் இருக்கிறதே என்று ஆறுதல் சொல்ல முடியுமா? கிளைகளுக்கிடையே விரல் நுழையாத சந்துகளில்தான் திட்டின் ஊரே குடியிருக்கிறது. தன் பவளத்தைத் தின்ன வரும் முள்முடி நட்சத்திர மீனைக் கொடுக்கால் கிள்ளி விரட்டும் சிறு நண்டு, அதோடு சேர்ந்து காவல் காக்கும் இறால், இரவில் கிளைக்குள் ஒதுங்கும் குட்டி மீன்கள். இதே குழுவினர் 2014இல் மில்னே வளைகுடாவின் முதுகெலும்பில்லாத உயிர்களை எண்ணிப் பார்த்தபோது, குமிழிடும் பகுதியில் நண்டு, இறால் வகைகள் வெகுவாகக் குறைந்திருந்தன. அவற்றில் பலவற்றை அமிலநீர் நேராகக் கொன்றதாகத் தோன்றவில்லை. அவற்றுக்கு ஒதுங்க இடமில்லை. உருண்டைப் பாறைமீது எங்கே ஒளிந்துகொள்வது? ‘பவளப் பரப்பு மாறவில்லை’ என்ற எண், வீடிருந்த இடத்தில் கற்குவியல் இருப்பதைக் காட்டாது.

இனி பசிபிக் தீவுநாடான பலாவ். நேர்மையாக வாதம் செய்கிற எவரும் இதைத் தாண்டிப் போக முடியாது. எனக்கும் சங்கடமான இடம் இதுதான். பலாவின் பாறைத்தீவு விரிகுடாக்களில் நீர் வெகுநாள் தேங்கிக் கிடப்பதால் பிஎச் இயல்பாகவே குறைவு. விதிப்படி அங்கே பவளம் நலிந்திருக்க வேண்டும். கேத்தரின் ஷாம்பெர்கர் குழுவினர் 2014இல் அங்கே கண்டது நேர்மாறு: பவளம் செழித்திருந்தது, வகைகளும் மிகுதி. அமிலமாதல் எங்கு நடந்தாலும் பவளம் ஒரே மாதிரி அழியும் என்று சொல்லிவந்தவர்களின் வாயை அது அடைத்தது. அடைத்தது நல்லதே. ஆனால் மறு ஆண்டே ஹன்னா பார்க்லியும் அதே குழுவைச் சேர்ந்தவர்களும் அந்தப் பவளங்களுக்குள் துளையிட்டுப் பார்த்ததில், வெளித்தோற்றம் சொல்லாத ஒன்று தெரியவந்தது. பிஎச் குறையக் குறைய, போரைட்டஸின் உள்ளே துளைப்பான்கள் குடைந்திருக்கும் அளவு பதினொரு மடங்கு வரை கூடியிருந்தது. உலகில் இயல்பாகவே பிஎச் குறைந்த பிற திட்டுகளோடு ஒப்பிட்டபோது அவர்கள் கண்டது: பவளப் பரப்பும் வகைகளும் இடத்துக்கு இடம் வேறுபடுகின்றன, எல்லா இடத்திலும் தவறாமல் கூடுவது இந்தக் குடைச்சல் ஒன்றுதான். பலாவின் பவளம் தழைத்திருக்கிறது என்பது உண்மை. அதன் செலவுப் பக்கம் ஏறிக்கொண்டிருக்கிறது என்பதும் உண்மை. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அந்தத் தேங்கிய நீரில் பழகிய பவளத்தை வைத்து, ஐம்பது ஆண்டில் மாறப்போகும் உலகக் கடலுக்கு உத்தரவாதம் எழுதிக்கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இயற்கையான இடங்களில் ஆயிரம் காரணங்கள் கலந்திருக்கும், எதுவும் உறுதியில்லை என்பார்கள். அதற்கும் ஒரு பரிசோதனை நடந்திருக்கிறது; இந்த விவகாரம் முழுவதிலும் என்னைக் கவர்ந்தது அதுதான். கிரேட் பேரியர் ரீஃபின் தென்பகுதியில் ஒன் ட்ரீ என்றொரு தீவு. கடல் வற்றும் நேரத்தில் அங்குள்ள காயல் ஒன்று வெளிக்கடலைவிட உயரத்தில் நிற்கும். நீர் பவளத் தளத்தின் மேல் ஒரே திசையில் ஆறு போல வழிந்தோடும். ரெபெக்கா ஆல்பிரைட், கென் கால்டேரா இருவரின் குழு அந்த ஓட்டத்தில் சோடியம் ஹைட்ராக்சைடு கலந்த நீரைச் சாயத்தோடு சேர்த்து விட்டது. சாயம் பவளத்தைக் கடந்து போனாலும் குறைவதில்லை, நீரில் கலைவது மட்டும்தான். காரத்தைப் பவளம் பயன்படுத்திக்கொள்ளும். கீழ்முனையில் நீரை அள்ளி, சாயத்தின் அளவோடு காரத்தின் அளவை ஒப்பிட்டால், திட்டு எவ்வளவு சுண்ணாம்பு கட்டியது என்று தெரிந்துவிடும். தொழிற்புரட்சிக்கு முந்தைய காலத்து நீரை அந்தச் சிறு பரப்புக்குச் சில மணி நேரம் திருப்பிக் கொடுத்தார்கள் என்றே சொல்லலாம். சுண்ணாம்பு கட்டுவது ஏறத்தாழ 7 சதவீதம் கூடியது. 2016இல் வெளிவந்தது இது. 2018இல் எதிர்த்திசையில் போனார்கள்: கரியமில வாயுவைக் கலந்து நூற்றாண்டு இறுதியின் நீரை ஓடவிட்டார்கள். கட்டுவது 34 சதவீதம் குறைந்தது. தொட்டி இல்லை, பிடுங்கி வைத்த பவளம் இல்லை; இருந்த இடத்தில் இருந்த திட்டு, அதன் பாசி, மணல், துளைப்பான்கள் எல்லாம் சேர்ந்தே.

அந்த 7 சதவீதத்தைச் சிறிய எண் என்று நினைப்பவர்கள் உண்டு. ஏற்கெனவே இழந்துவிட்டதன் அளவு அது. வருங்கால அச்சுறுத்தல் என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. மிச்சம் சொற்பமாக இருக்கும் குடும்பத்தில் மாத வரவு 7 சதவீதம் குறைந்தால் என்னாகும் என்பதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

என் தரப்பாரிடமும் ஒரு குறை உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் இந்த வாதம் நேர்மையாகாது. அமிலநீரில் கோமாளி மீனின் குஞ்சுகள் மோப்பம் இழந்து, எதிரியின் வாசனையை நோக்கியே நீந்துகின்றன என்று 2009 முதல் ஆய்வுகள் வெளிவந்தன. பத்திரிகைகளுக்கு அல்வா. ஒவ்வொரு பவளக் கட்டுரையிலும் வழி தப்பிய அந்த மீன் நுழைந்தது. டிமோத்தி கிளார்க் தலைமையில் ஒரு குழு ஆறு வகையைச் சேர்ந்த தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட மீன்களை வைத்து மறுபடி சோதித்து, அப்படி எந்தப் பெரிய விளைவும் இல்லை என்று 2020இல் ‘நேச்சர்’ இதழில் எழுதியது. அந்த மீனை நாம் கைவிட வேண்டும். இன்னும் அதைக் காட்டிக்கொண்டிருப்பவர்கள் எதிர்த்தரப்புக்குத்தான் உதவுகிறார்கள். ஆனால் மீனின் மூக்கு பற்றிய ஆய்வு சரிந்ததால் சுண்ணாம்பின் வேதியியலும் சரிந்துவிட்டது என்று எழுதுவது வேறு வகைத் தந்திரம். ஒன்று நடத்தை பற்றியது. நடத்தையை அளப்பது கடினம். மற்றது கரைதல், அதைப் பள்ளிக்கூடத்துச் சோதனைக்குழாயிலும் பார்க்கலாம்.

பூர்வகாலக் கடல்களைப் பற்றிய வாதமும் இங்கே வரும். டைனோசார் காலத்தில் காற்றில் கரியமில வாயு இன்றைப்போலப் பல மடங்கு இருந்ததாம், கடலடியில் அப்போதும் சுண்ணாம்புப் பாறை மலைமலையாகக் குவிந்ததாம். குவிந்தது மெய்தான். அந்த வாயு கோடிக்கணக்கான ஆண்டுகளில் மெல்ல ஏறியது. அதற்குள் மழை நிலத்துப் பாறைகளை அரித்து, காரத்தைக் கடலில் சேர்த்து, கார்பனேட்டைச் சமன் செய்துவிட்டது. வாயு மிகுதி என்பதால் மட்டும் கார்பனேட் குறைந்துவிடாது. வேகமாகக் கூடும்போதுதான் குறையும். அக்காலத்தின் பிற்பகுதியில் வெப்பமண்டலக் கடல்களில் பெரும் திட்டுகளை எழுப்பியவையும் பெரும்பாலும் பவளங்கள் அல்ல, ரூடிஸ்ட் என்ற சிப்பிகள். வேகமாக ஏறிய காலமும் ஒன்று இருந்தது, 5.6 கோடி ஆண்டுகளுக்கு முன். அப்போது ஆழ்கடல் தரையின் சுண்ணாம்பே கரைந்தது; பவளத்திட்டுகள் சுருங்கின. இன்று கார்பன் ஏறும் வேகம் அதைவிடப் பத்து மடங்கு என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. தொல்காலத்தைச் சாட்சிக்கு அழைப்பவர்கள் இந்த அத்தியாயத்தையும் சேர்த்து அழைக்கட்டும்.

பவளம் பழகிக்கொள்ளும் என்ற வாதத்துக்கு இறுதிப் பதில் பவளத்திடம் இல்லை. மணலில் இருக்கிறது. திட்டைச் சுற்றிப் படிந்திருக்கும் வெண்மணல் நம் ஆற்று மணல் அல்ல. கிளிமீன் அரைத்துக் கழித்த பவளப்பொடி, உடைந்த சிப்பி, சுண்ணாம்புப் பாசித் துணுக்கு, நுண்ணுயிர்களின் ஓடு. எல்லாம் செத்த சுண்ணாம்பு. ஆஸ்திரேலியாவின் சதர்ன் கிராஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிராட்லி ஐர் குழுவினர் பசிபிக்கிலும் அட்லாண்டிக்கிலும் ஐந்து திட்டுகளின் மணலைக் கடலடியிலேயே மூடி வைத்து அளந்தார்கள். பவளம் கட்டுவதில் அமிலமாதல் விளைவிக்கும் பாதிப்பைவிட மணல் கரைவதில் அதன் பாதிப்பு பத்து மடங்கு என்று 2018இல் எழுதினார்கள். இந்த நூற்றாண்டின் நடுவில் உலகத் திட்டுகளின் மணல் சராசரியாக, படிவதைவிடக் கூடுதலாகக் கரையத் தொடங்கிவிடும் என்பது அவர்கள் கணிப்பு. உயிருள்ள பவளம் தலைமுறை தலைமுறையாகத் தேறி வரலாம். சூடு தாங்கும் பவளத்தைத் தேர்ந்தெடுத்து வளர்க்கவும் செய்யலாம். மணலுக்கு மரபணு இல்லை. அது எதற்கும் பழகாது.

சுண்ணாம்பு போனால் என்ன ஆகும் என்று அறிய நாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை காத்திருக்க வேண்டியதில்லை. மன்னார் வளைகுடாவில் அந்தச் சோதனை ஏற்கெனவே நடந்து முடிந்தது. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே வரிசையாக 21 தீவுகள். 1986இல் அரசு அவற்றைக் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்த பிறகும் பவளக்கல்லை வெட்டிக் கொண்டுபோவது நிற்கவில்லை. வீடு கட்டப் போயிற்று, சுண்ணாம்புக் காளவாய்க்குப் போயிற்று, ஆலைக்குப் போயிற்று. கடினப் பவளங்கள் 2001இல்தான் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்கு வந்தன. அதற்குள் பூவரசன்பட்டி, விலங்குசல்லி ஆகிய இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. தூத்துக்குடிக்கு அருகே இருக்கும் வான் தீவு சுருங்கிக்கொண்டே போனதால், அலை வேகத்தைத் தடுக்கக் கடலடியில் செயற்கைத் திட்டுகளை இறக்கிக் காப்பாற்ற வேண்டியதாயிற்று. இவை அமிலமாதலின் வேலை அல்ல, கடப்பாரையின் வேலை. ஆனால் திட்டின் சுண்ணாம்பை எடுத்தால் அலை நேரே தீவுக்கு வரும் என்பதற்கு வேறு என்ன நிரூபணம் வேண்டும்? கடப்பாரையை நிறுத்த ஒரு சட்டம் போதுமாயிருந்தது.

சூடு மட்டுமே எதிரி என்ற கருத்தை நான் வெறும் அறிவியல் பிழையாகக் கருதாததற்குக் காரணம், அதிலிருந்து பிறக்கும் திட்டங்கள். எதிரி சூடு என்றால் நிழல் போதும். 2020 மார்ச்சில் ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில் கரைக்கு அப்பால் பவளத்திட்டுக்கு மேலுள்ள மேகங்களை வெளுப்பாக்கி வெயிலைத் திருப்பியனுப்ப, கடல்நீரை நுண்துளிகளாகக் காற்றில் தெளிக்கும் பரிசோதனை தொடங்கியது. உலகம் முழுவதற்கும் குடை பிடிப்பது போல, வானத்தின் மேலடுக்கில் கந்தகத் துகளைத் தூவலாம் என்பவர்களும் பெருகிவருகிறார்கள். ஒரு கோடையில் ஒரு திட்டைக் காப்பாற்றுமென்றால் மேகத் தெளிப்பை நான் எதிர்க்கவில்லை. ஆனால் வெயில் குறைவதால் கரியமில வாயு குறையாது. குடைக்குக் கீழே புகைபோக்கிகள் பாட்டுக்குப் புகைந்துகொண்டிருக்க, கடல் குளுமையாக, வெளிறாத பவளத்தோடு, கரைந்துகொண்டிருக்கும். பவளத் துண்டுகளைச் சிமெண்ட் சட்டங்களில் கட்டி நட்டு, நட்டவற்றில் இத்தனை சதவீதம் பிழைத்தன என்று அறிக்கை தருவதிலும் இதே ஓட்டை இருக்கிறது. பிழைத்ததைத்தான் எண்ணுகிறார்கள், கட்டியதை எடை போடுவதில்லை.

சோடியம் ஹைட்ராக்சைடு கலந்து ஒன் ட்ரீயில் செய்ததை எல்லாத் திட்டுக்கும் செய்துவிடலாமே என்று யாராவது கேட்பார்கள். ஒரு தளத்துக்குச் சில மணி நேரம் கொடுத்ததை உலகக் கடலுக்கு ஓயாமல் கொடுக்க எத்தனை ஆலை, எத்தனை கப்பல், அவை எல்லாம் எந்த எரிபொருளில் ஓடும்? காற்றில் சேர்வதை நிறுத்துவது தவிர இந்த வேதியியலுக்கு மலிவான மாற்று இல்லை. கடலில் சேர்ந்துவிட்ட கரியமில வாயுவைக் கடலடிச் சுண்ணாம்பும் நிலத்துப் பாறையும் சமன் செய்ய ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பிடிக்கும். மெதுவான சங்கதி என்று சொல்கிறார்களே, அது வருவதில் மட்டும் மெதுவானதல்ல, போவதில் அதைவிட மெதுவானது.

சூட்டை அளப்பது எளிது. நோவாவின் செயற்கைக்கோள் வரைபடத்தைத் திறந்தால் எந்தத் திட்டுக்கு மேல் கடல் எத்தனை வாரமாகக் கொதிக்கிறது என்று நாள்தோறும் பார்க்கலாம். கார்பனேட்டை அப்படி வானத்திலிருந்து நேராகப் பார்க்க முடியாது. ஒருவர் படகில் போக வேண்டும். குமிழி விழாமல் கண்ணாடிப் புட்டியில் நீர் பிடிக்க வேண்டும். உள்ளேயிருக்கும் நுண்ணுயிர்கள் மூச்சுவிட்டே கணக்கைக் கெடுத்துவிடும் என்பதால் ஒரு துளி பாதரசக் குளோரைடு விட்டு அவற்றைக் கொல்ல வேண்டும். மூடியைக் காற்றுப் புகாமல் அடைத்துக் கரைக்குக் கொண்டுவந்து காரத்தன்மையையும் கரைந்த கார்பனையும் அளக்க வேண்டும். பகலில் பாசியின் ஒளிச்சேர்க்கையால் பிஎச் ஏறும், இரவில் எல்லா உயிரும் மூச்சுவிட இறங்கும். ஆகவே இரவிலும் போக வேண்டும். இரவு நீர்தான் முக்கியம், திட்டு கரையும் நேரம் அது. அந்த நேரம் ஆண்டுக்காண்டு நீள்கிறதா என்பதை அளக்காமல், மன்னார் வளைகுடாவானாலும் மாலத்தீவானாலும், அமிலத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்ல யாருக்கும் ஆதாரம் இல்லை.